முன்னரே பெற்றுக்கொண்ட தொகை

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய உறை மூன்று வாரமாக என் கைப்பையிலேயே கிடந்தது. உள்ளே அற்றோனித் தத்துவம். எனக்குப் பதிலாகத் தம்பியே கையெழுத்து வைத்து, அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன கடையை விற்கலாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரம். நான் வேலை செய்வதோ கனடாவில், ஸ்காபரோவில் ஒரு லோயரின் அலுவலகத்தில். ஊருலகத்தின் பத்திரமெல்லாம் தட்டச்சுச் செய்து, ஆட்களை லோயரின் முன்னால் இருத்திக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பத்து நிமிட வேலை. "நேரம் கிடைக்கேல்லையடா தம்பி" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய்.

முதல் வாரம் மட்டும் அது பொய்யாக இருக்கவில்லை. அந்த வாரம்தான் கையுறைக்காரர் வந்தார்.

கையுறைக்காரர் என்பது நான் மனதுக்குள் வைத்த பட்டம். ஆள் கையுறை விற்றவரே இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எழுபத்தைந்து வயதிருக்கும். யூதர். மோர்னிங்சைட்டில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். மரக்கறி வாங்கிய பையில் ஒரு கட்டுக் கடதாசியைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். ஏன் எங்களைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன். "நடந்து வரக்கூடிய தூரம். கட்டணமும் மலிவு" என்றார். அவரும் நானும் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். முகத்துக்கு நேரே மலிவு என்று சொல்லுகிற மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் தோல் கையுறைக் கடை வைத்திருந்தார். பாலத்தடியில் இருந்ததால் பாலத்தின் பெயர்தான் கடைக்கும். கடை இன்றைக்கும் இருக்கிறது, அதே பெயரில், வேறொரு குடும்பத்திடம். அவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் கடையின் வரலாற்றை எழுதும்போது, 'நிறுவியவரிடமிருந்து எங்கள் பாட்டனார் வாங்கினார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியைத் திருத்தும்படி இவர் எழுதினார். ஆதாரம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அதற்குத்தான் இந்தக் கடதாசிகளும், கூடவே ஒரு சத்தியக் கூற்றும்.

"நட்டஈடு கேட்கிறீர்களோ?" என்றேன்.

"இல்லை. ஒரு வசனம் கேட்கிறேன்."

"ஒரு வசனத்துக்கு இவ்வளவு கடதாசியா?"

"உங்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வருகிறதுதானே, தட்டுங்கள்."

தட்டினேன். ஜெர்மன் தாள்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. நான் திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கூற்றில் எழுத வேண்டும். கொலைகளைப் பற்றி எனக்கும் தெரியும், உலகத்துக்கே தெரியும். ஆனால் ஒரு கடையை எப்படிக் கொல்லுவது என்று அன்றைக்குத்தான் படித்தேன். அடிதடியாக அல்ல, ஒவ்வொரு படியும் சட்டப்படி. முதலில் அரசாங்க ஊழியர் யூதரின் கடையில் சாமான் வாங்கக் கூடாது. ரயில்வேக்காரர், தபால்காரர், வாத்திமார் எல்லோரும் அத்தோடு நின்றுபோனார்கள். பிறகு யூதர் தங்கள் சொத்து முழுவதையும் எழுதிப் பதிய வேண்டும். தாத்தா வெள்ளிக் கரண்டி வரைக்கும் எண்ணி எழுதியிருக்கிறார். பிறகு யூதர் கடையே நடத்தக் கூடாது. ஆகவே விற்க வேண்டும். விற்பதற்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும்.

அந்த விற்பனை உடன்படிக்கையை நான் மூன்று தரம் வாசித்தேன். பேசிய விலையை அதிகாரி வெட்டி, பக்கத்தில் குறைத்து எழுதியிருந்தார். தோலுக்கு இவ்வளவு, தையல் மெஷினுக்கு இவ்வளவு, அலுமாரிக்கு இவ்வளவு. அதற்குக் கீழே, 'வாடிக்கையாளருக்கும் பெயருக்கும்: ஒன்றுமில்லை.'

என் கை தட்டச்சில் நின்றது. இந்தத் தொழிலில் எனக்குக் குட்வில் தெரியும். ரொறன்ரோவில் இரண்டு அடுப்பும் ஒரு குளிர்ப்பெட்டியும் உள்ள தோசைக்கடையை விற்றாலும், குட்வில் என்று ஒரு தொகை போடாமல் எங்கள் ஆட்கள் பேனையைத் தொடமாட்டார்கள். கடை என்றால் அதுதானே. சனம் தேடி வருகிறதே, அதற்குத்தான் விலை.

"சரி, அந்தக் குறைத்த காசாவது தாத்தாவின் கைக்கு வந்ததா?" என்று கேட்டேன்.

"வங்கிக்கு வந்தது. பூட்டிய கணக்கு. மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம், அதுவும் அனுமதி கேட்டு. மிச்சத்தை நாட்டை விட்டுப் போவதற்கான வரி என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். பத்திரத்தில் பாருங்கள், தாத்தா விற்றார், காசு பெற்றார். எல்லாம் ஒழுங்கு."

தாத்தாவும் பாட்டியும் அங்கிருந்து தப்பவில்லை. கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய மகன், அதாவது இவருடைய அப்பா, இங்கிலாந்து வழியாக இந்த நகரத்துக்கு வந்து, ஸ்பெடைனாவில் வேறொருவரின் தொழிற்சாலையில் தோல் வெட்டினார். தனக்கென்று ஒரு சிறிய கட்டடம் வாங்கப் போனபோது, அந்தக் காணியின் உறுதிப் பத்திரத்திலேயே யூதருக்கு விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்ததாம். இங்கே, கனடாவில். பிறகு அவர் கடை என்ற பேச்சையே எடுக்கவில்லை. தாத்தா கடைக்காரர், அப்பா தோல் வெட்டுகிறவர், பேரன் கணக்கு வாத்தியார். அங்கே ஜெர்மனியிலும் கடையை வாங்கியவருக்குத் தோலைத் தடவிப் பார்த்துச் சொல்லத் தெரியாது. வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்த பெண்களை நிறுத்திவிட்டு, தொழிற்சாலைச் சரக்கை வாங்கி அந்தப் பெயரை ஒட்டி விற்றார். அந்த நகரத்தில் கையுறைத் தையல் அத்தோடு போனது.

"பெயர் மட்டும் தப்பியது" என்றார் அவர். "அது யூதப் பெயர் இல்லை, பாலத்தின் பெயர். அதனால் விட்டுவைத்தார்கள்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அம்மா சின்ன வயதிலேயே சொன்னவ. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கலியாண வீடுகளில்கூடப் பெருமையாகச் சொல்லுகிற கதை அது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குச் சின்னப் புத்தகக் கடை. பக்கத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் இரும்புக்கடை. ஆணி, பிணைச்சல், பூட்டு, வர்ணம். குடாநாட்டு மேசன்மாருக்கும் தச்சருக்கும் அந்தக் கடையின் பெயர் தண்ணீர் பட்ட பாடு. போர்க்காலத்தில் ஓர் ஒக்டோபர், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னவர்கள் வேறு யாருமில்லை, துவக்கு வைத்திருந்த எங்கள் இயக்கப் பெடியள்தான். நான் அப்போது கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அப்பா தன்னிடம் இருந்த காசையெல்லாம் அந்த மனிதரிடம் கொடுத்துக் கடையை வாங்கினார். தம்பி இப்போது விற்கப் பார்க்கிற கடை அதுதான். அந்தரத்தில், ஆபத்து நேரத்தில் உதவினார் என்பதுதான் எங்கள் வீட்டுச் சொல்.

"அதைவிட, அப்பா கடைசி வரைக்கும் அந்த மனிதரின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பெயர்தான்" என்று முடித்தேன். தலை நிமிர்ந்துதான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெயருக்கு எவ்வளவு கொடுத்தார்?"

"பெயரை வாங்கவில்லை. மரியாதைக்காக வைத்திருந்தார்."

"ஆணி வாங்க வந்தவர்கள் யாரைத் தேடி வந்தார்கள்? உங்கள் அப்பாவையா, அந்தப் பெயரையா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டும் ஒன்றல்ல என்றேன். அங்கே ஓர் அரசாங்கம், சட்டம், பிறகு சாவு முகாம். எங்கள் ஊரில் சட்டமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, ஓர் ஒலிபெருக்கி. அப்பா யாரையும் துரத்தவில்லை.

"ஒன்று என்று நான் சொல்லவில்லை" என்றார் அவர், கடதாசிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே. "விலையைத்தான் கேட்டேன்."

போன பிறகு அவருடைய பில்லில் நாலு பக்கம் கூடப் போட்டேன். பிறகு வெட்கமாகி அழித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காரில் இருந்தால் இறங்கி நடக்க வேண்டும்போல இருந்தது. நடந்தால் கால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒரு உயிலில் மருமகளின் பெயரை மாமியாரின் இடத்தில் தட்டிவிட்டேன், எங்கள் லோயர் வயதில் மிகச் சின்னவ, லோயர் பிள்ளை என்றுதான் நான் சொல்லுவது, அது கண்டுபிடித்துச் சிரித்தது. வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கு எடுத்த மோர்ட்கேஜ் கடனைப் புதுப்பிக்கிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்காசில் என் பங்கு வந்தால் பாதிப் பாரம் இறங்கும். மார்க்கம் நகரில் வெயார்ஹவுஸ் வேலைக்குப் போய்வரும் என் மனிசனுக்கு முதுகு வலி, இரண்டு வருடத்தில் நிற்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"இஞ்சாரும், அந்தக் கையெழுத்தை வைச்சு அனுப்பினீரோ?" என்று அவர் கேட்டார்.

"உறுதியை ஒருக்காப் பாத்திட்டு வைக்கிறன்."

"ஊரிலை உள்ளவையின்ர உறுதி எல்லாம் பாக்கிறீர், உம்மட அப்பாவின்ர உறுதியை இன்னும் பாக்கேல்லையோ?" பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே நான் பார்த்திருக்கவில்லை. அப்பாவின் உறுதியில் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

தம்பி உறுதியின் படத்தையும் அனுப்பியிருந்தான். சமையலறை மேசையில் இருந்து பெரிதாக்கி வாசித்தேன். சமாதானம் என்று பாதை திறந்த காலத்தில், அப்பா உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனார். அந்த வியாபாரி அங்கே அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்தார். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். அப்பா இன்னும் கொஞ்சம் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கதையின் இந்தப் பகுதியும் எங்களுக்குப் பெருமைதான். வேறு யார் இவ்வளவு தூரம் தேடிப்போய்க் கொடுப்பார்கள்?

உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு வழக்கமாக எழுதுகிற வரி இருந்தது. விலைப்பணத்தில் இவ்வளவு என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது, மீதி முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஒப்புக்கொண்டார். மீதிதான் பெரிய தொகை. முன்னரே என்றால் அந்த ஒக்டோபர். அப்பா அந்தரத்தில் கொடுத்த காசு.

அம்மா அந்த வருடம் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதை ஒருநாளும் மறக்கவில்லை. ஒருநாளும் நினைத்துப் பார்க்கவும் இல்லை. 'பாவம் அந்த மனிசன், போற வழியிலை எல்லாற்ற காசு நகையையும் பறிச்சுப்போட்டாங்களாம், உடுத்த உடுப்போடை போச்சினம்.'

அப்படியென்றால் அவர் என்ன பெற்றுக்கொண்டார்? அப்பாவுக்கும் அது தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே பன்னிரண்டு வருடம் கழித்து, முகாமில் பாயில் இருந்த மனிதரிடம், பறிபோன காசையும் கணக்கில் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம். என்னுடைய அப்பா, கோயிலில் விழுந்து கும்பிட்ட என்னுடைய அப்பா. எனக்கு அழுகை வரவில்லை. யாருக்காவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போக முன்னர் தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம், கடை பூட்டுகிற நேரம்.

"அந்த ஆக்களுக்கும் ஒரு பங்கு குடுக்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன், சுகம்கூட விசாரிக்காமல்.

"எந்த ஆக்கள்?"

"உனக்குத் தெரியும் எந்த ஆக்கள் எண்டு."

அவன் வெடித்தான். "அக்கா, நீங்கள் கனடாவிலை இருந்துகொண்டு தர்மம் கதைப்பியள். செல்லடிக்குள்ளை அந்தக் கடைக்குக் கூரை போட்டது ஆர்? இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை ஒரு கதவு இல்லை, ஒரு யன்னல் இல்லை, தெரியுமோ? ஊரார் வீட்டு நெய்யே, என்ர பெண்டாட்டி கையே எண்ட கதைதான் உங்கட கதை."

"உன்ர கூரைக்கு உரிய காசை நீ எடு. நான் வேண்டாமெண்டு சொன்னனானே?"

"வாங்கிற ஆள் இந்த மாதத்துக்கை முடிக்கச் சொல்லுறான். உங்களுக்குப் பயித்தியம்." வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் பாதி நியாயம், அதுதான் என்னை இன்னும் அரித்தது. நான் அங்கே ஒரு ஓட்டைக்கூடத் தூக்கி வைக்கவில்லை. இரண்டு நாட்களாக அவனோடு மனதுக்குள் வாதாடினேன், ஒவ்வொரு தரமும் அவன்தான் வென்றான். ஆனாலும் கையெழுத்து வைக்கக் கை போகவில்லை.

வெள்ளிக்கிழமை கையுறைக்காரர் கூற்றில் கையெழுத்து வைக்க வந்தார். லோயர் பிள்ளை சத்தியம் வாங்கி முத்திரை குத்தியது. அவர் வெளியே வரும்போது, அந்த ஆட்கள் வசனத்தைத் திருத்துவார்களா என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனால் இனிமேல் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது" என்றார். கட்டணத்தைச் சதம் பிசகாமல் தந்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ஒரு கூற்று எழுதினேன். அந்த நாள் அப்பா கொடுத்த காசு வழியிலேயே பறிபோனது எங்கள் வீட்டுக்குத் தெரியும் என்று எழுதினேன். அதைத் தெரிந்துகொண்டும் உறுதியில் விலையாகச் சேர்த்தோம் என்று எழுதினேன். கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் ஒரு சதமும் கொடுக்கவில்லை, அந்தப் பெயரை வைத்துத்தான் இவ்வளவு வருடமும் சாப்பிட்டோம் என்று எழுதினேன். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கைதான், அன்றைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. லோயர் பிள்ளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தது. "அக்கா, இது வாங்கிற ஆளின்ர கையிலை கிடைச்சால் டீல் நிண்டுபோகும், யூ நோ தற், ரைற்?" என்றது. ஓம் என்றேன். கையெழுத்து வைத்துப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். வேறு யாருக்கும் அல்ல, அவனுக்கு மட்டும்.

திங்கட்கிழமை காலை, நான் அலுவலகம் இருக்கிற பிளாசாவின் வாகனத் தரிப்பில் காரை நிறுத்தும்போது அவன் எடுத்தான். கத்துவான் என்று நினைத்தேன். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, அண்டைக்குக் காசைக் குடுத்துச் சாவி வாங்கப் போனது அப்பா இல்லை. நான். அப்பா வெளிக்கிடப் பயந்துபோய் என்னை அனுப்பினவர்."

அவனுக்கு அப்போது பதினேழு வயது. இவ்வளவு வருடத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

"அவர் காசை எண்ணிப் பாக்கேல்லை. சாவியைத் தந்துபோட்டு, தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டுவந்து தருவியோ, பிள்ளையள் காலமையிலை இருந்து ஒண்டும் குடிக்கேல்லை எண்டு கேட்டவர். ஓம் எண்டு போட்டு வீட்டை போனன். அப்பா கதவைப் பூட்டிப்போட்டார். நான் திரும்பிப் போகேல்லை." மூக்கை உறிஞ்சினான். "அவரின்ர மகளின்ர நம்பர் என்னட்டை இருக்கு. நாலு தரம் எடுத்தனான். ஹலோ எண்டவுடனை வைச்சிடுவன். நீங்கள் எடுங்கோ அக்கா. எனக்கு ஏலாது."

காரின் கண்ணாடி முழுவதும் மூச்சுப் புகை படிந்திருந்தது. நம்பர் வந்தது. யோசித்தால் நானும் வைத்துவிடுவேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் அழுத்தினேன். மூன்றாவது மணி அடிக்கையில் ஒரு பெண் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் சத்தம். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன், இன்னாருடைய மகள் என்றேன், கனடாவிலிருந்து என்றேன். பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு கதவொன்றைச் சாத்துகிற சத்தம்.

"வாப்பா மௌத்தாகி ஆறு வருசம்" என்றார். "சொல்லுங்கோ. என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றேன். "உங்களுக்குச் சேர வேண்டியது ஒண்டு எங்களிட்டை இருக்கு."

"ஓம்" என்றார் அவர். "எங்களுக்குத் தெரியும்."